முகம் மட்டும் என்னுடையது

சின்சினாட்டி
20 ஆகஸ்ட் 1888

அக்காவுக்கு,

உறையைப் பிரித்ததும் உள்ளேயிருந்து ஒரு சின்ன அட்டை விழுந்திருக்கும். முதலில் அதைப் பார்த்துவிட்டு வா.

பார்த்தாயா? முகம் என்னுடையது. போன வருஷம் சாம்பல் நிறக் கவுனும் கழுத்துவரை பொத்தானுமாக உட்கார்ந்து எடுத்துக்கொண்டேனே, உனக்குக்கூட ஒரு பிரதி அனுப்பினேனே, அந்தப் படத்தின் முகம். ஆனால் கழுத்துக்குக் கீழே இருப்பது யார்? இடுப்புவரை ஒட்டிய காலுறையோடு, காகிதக்கூழ்ப் பாறைமேல் சாய்ந்து நிற்கிற இந்த அம்மாளை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருஷமாக மேடையில் இருக்கிறேன். விதவையாக, வேலைக்காரியாக, பாதிரியாரின் தங்கையாக, ஒரு தடவை கழுதையின் பின்னங்கால்களாகக்கூட நடித்துவிட்டேன். இப்படி ஒரு நாளும் நின்றதில்லை.

கீழே அச்சடித்திருக்கும் பெயரையும் படி. ரோடா ஸ்டாட்லர். மேடையில் நான் ரோடா வேன் என்பது உனக்குத் தெரியும். எட்வினைப் புதைத்துவிட்டு வந்த அன்று அவன் அப்பா என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எங்க குடும்பப் பேரு ஒரு நாடக நோட்டீஸ்ல வரக்கூடாது. வந்துச்சுன்னா, அன்னிக்கே பேத்தி எங்ககிட்ட." நான் தலையாட்டினேன். மூன்று வருஷம் அந்த வாக்கைக் காப்பாற்றினேன். இப்போது டேட்டன் ஊரில் ஒவ்வொரு புகையிலைக் கடையிலும் அந்தப் பெயர் தொடை தெரிய நிற்கிறது.

அட்டையை அனுப்பியதும் அவர்தான். கடிதம் கிடையாது. அட்டையின் முதுகில் ஒரே வரி: "நெட்டி இனி எங்களோடு இருப்பாள்." கோடைக்கு இரண்டு மாதம் தாத்தா வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்று நானேதான் ரயில் ஏற்றிவிட்டேன், அக்கா. ஆறு வயசுப் பிள்ளை. அவளுடைய குளிர்காலக் கோட்டு இங்கே ஆணியில் தொங்குகிறது.

இது உங்கள் கம்பெனி சிகரெட்டில் வந்த அட்டை. நீ உட்காரும் மேஜை வழியாகத்தான் போயிருக்க வேண்டும். உன் கண்ணில் படவே இல்லையா? யார் படத்தைக் கொடுத்தது, யார் பெயரைக் கொடுத்தது என்று கேட்டுச் சொல். அவர்கள் வீட்டாரைத் தவிர, ஸ்டாட்லர் என்ற பெயர் தெரிந்திருக்கக்கூடியவர்கள் மூன்றே பேர். எங்கள் நாடகக் கம்பெனி மேனேஜர், அவருக்குத் தன் பெண்டாட்டி பெயரே ஞாபகம் இருக்காது. நீ, உன்னைப் பற்றிப் பேச்சே இல்லை. மிச்சம் இருப்பது அந்தப் படக்காரன் கெர்லாக். நாளைக்கு அவன் கடைக்குப் போகிறேன்.

ரோடா


ரிச்மண்ட்
27 ஆகஸ்ட் 1888

ரோடாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. இருமல் விடவில்லை, புகையிலைத் தூசி நெஞ்சில் உறைந்துவிட்டது, அதனால்தான் உடனே எழுதவில்லை.

பார்த்தேன். ஜூலை மாதமே பார்த்தேன். எங்கள் வேலை உனக்குத் தெரியாது. பத்து சிகரெட், ஓர் அட்டை. காகித உறை மெல்லிசு, சட்டைப் பையில் நசுங்காமல் இருக்க அட்டை நடுவே நிற்கவேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கும் மேல் உறைகள் என் கை வழியே போகும். நடிகை மூஞ்சிகளை யார் நின்று பார்க்கிறார்கள்? உன் முகம் வந்ததும் கை நின்றுவிட்டது. அப்புறம் உன் அட்டை வந்தபோதெல்லாம் குப்புறப் போட்டு அடைத்தேன். மேஸ்திரி டாலிவர் பார்த்துவிட்டார். "கெசையா, படம் முன்னாடி தெரியணும். ஆம்பளைங்க உன் சிகரெட்டுக்கா வாங்கறாங்க?" என்றார். மேஜை முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு முகம் தெரியவே அடைத்தேன். என் தங்கையை என் கையாலேயே அடைத்து அனுப்பினேன்.

உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. உன் கண்ணில் படாமலே போய்விடும் என்று நினைத்தேன், நீதான் புகைப்பதில்லையே.

யார் கொடுத்தது என்று கேட்கிறாய். கம்பெனிக்குப் படம் வர ஆயிரம் வழி இருக்கிறது. கடையில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து விற்கிற படம்தானே அது. நான் ஒன்று சொன்னால் கோபிப்பாய். அம்மா போன பிறகு உன்னை வளர்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். நீ எட்வினோடு நாடகத்துக்கு ஓடாமல் இங்கேயே தையல் வேலைக்குப் போயிருந்தால் உன் முகம் யாருக்கும் வேண்டியிருக்காது. சொல்லிவிட்டேன், இனி சொல்லமாட்டேன்.

பிள்ளைக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

கெசையா


சின்சினாட்டி
4 செப்டம்பர் 1888

அக்காவுக்கு,

உன் ஜெபத்துக்கு நன்றி. உன் பிரசங்கத்தை அடுப்பில் போட்டேன்.

கெர்லாக் கடைக்குப் போனேன். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். கையில் கிடைத்த பூச்சாடியை எறிந்ததில் அவன் பின்னால் தொங்கிய திரையில் வரைந்திருந்த அழகான ஏரி ஒன்று கிழிந்துபோனது. மனுஷன் அசையவில்லை. "அம்மா, கொஞ்சம் உக்காருங்க. நான் அந்தப் பேரைக் கேட்டதே இல்ல. வாங்க, என் கண்ணாடித் தகட்டையே பாருங்க" என்று உள்ளே அழைத்துப் போனான். தகட்டின் ஓரத்தில் ஊசியால் கீறியிருந்தது: வேன். ஸ்டாட்லர் இல்லை. நான் ஏரிக்கு மன்னிப்புக் கேட்டேன்.

அவன்தான் சொன்னான். "சிகரெட்டுக்காரங்க படம் பண்ற இடத்துல தலை ஒரு பெட்டில இருக்கும், உடம்பு ஒரு பெட்டில இருக்கும். வெட்டி ஒட்டி, கழுத்துல மை தடவி, மறுபடி படம் எடுப்பாங்க. நல்ல உடம்பு ஒண்ணு கிடைச்சா அதை வெச்சே அஞ்சாறு தலை ஒட்டிருவாங்க." சிரித்துக்கொண்டே சொன்னான், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

வக்கீல் வைத்திருக்கிறேன், பெயர் லிங்க். நல்லவர், காது மட்டும் மந்தம். அக்டோபர் ஒன்பதாம் தேதி டேட்டன் கோர்ட்டில் விசாரணை. பிள்ளையைக் கேட்டு மாமனார் போட்ட மனுவில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: தாய் ஒழுக்கம் கெட்டவள், ஆதாரம் இந்தப் படம். லிங்க் சொல்கிறார், "அந்த உடம்பு உங்களோடது இல்லேன்னு காட்டிட்டா போதும். மனு நிக்க வேற காலே இல்ல." வேறு உடம்பு என்று எப்படிக் காட்டுவது? கோர்ட்டில் என் கால்களை நானே காட்டவா முடியும்?

நீ இருக்கிறாய். நாட்டிலேயே அந்த அட்டைகளை அதிகம் பார்த்த கண் உன்னுடையது. தேடு அக்கா. அந்த உடம்பு வேறு தலையோடு எங்காவது வந்திருக்கும்.

ரோடா


ரிச்மண்ட்
15 செப்டம்பர் 1888

ரோடாவுக்கு,

கிடைத்துவிட்டது!

இந்தக் கடிதத்தோடு மூன்று அட்டைகள் வைத்திருக்கிறேன். ஒன்று நீ. மற்ற இரண்டு பெண்களையும் எனக்குத் தெரியாது, ஒருத்தி சுருட்டைமுடி, இன்னொருத்தி தொப்பி போட்டவள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இடது காலைப் பார். பூட்ஸில் மேலிருந்து நாலாவது பொத்தான் இல்லை. மூன்றிலும் இல்லை. முழங்காலில் காலுறை சுருங்கி ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது, மூன்றிலும் அதே மடிப்பு. பாறையில் சுண்டைக்காய் அளவு ஓர் ஓட்டை, அதுவும் மூன்றிலும்.

எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? நான் தனியாகத் தேடவில்லை. நடந்ததை எங்கள் மேஜைப் பெண்களிடம் சொன்னேன். என்னைக் கேலி செய்தவர்கள்தான், பிள்ளையைப் பிடுங்கிவிட்டார்கள் என்றதும் ஒருத்தியும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு பேரும் ஒரு வாரம் முகத்தை விட்டுவிட்டுக் காலையே பார்த்து அடைத்தோம். டாலிவர், "என்னடி எல்லாரும் குனிஞ்சு குனிஞ்சு பாக்கறீங்க?" என்றார். "கண்ணு போயிடுச்சு, எல்லாம் உங்க புகையிலையாலதான்" என்றாள் பக்கத்தில் இருந்த மோட். நேற்று அவள்தான் தொப்பிக்காரியைக் கண்டுபிடித்து, மேஜைமேல் அடித்து, "இதோ இருக்கா பாரு, பொத்தான் இல்லாத சிறுக்கி!" என்று கத்தினாள். நான் அழுதுவிட்டேன்.

பத்திரமாக வை. மடிக்காதே.

இன்னொன்றும் உன்னிடம் சொல்லவேண்டும். கடிதத்தில் சொல்வதா என்று தெரியவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை, விசாரணை நல்லபடி முடியட்டும்.

கெசையா


சின்சினாட்டி
24 செப்டம்பர் 1888

என் அருமை அக்கா,

உன்னைப் பற்றி இதுவரை சொன்ன கெட்ட வார்த்தைகளை எல்லாம் வாபஸ் வாங்குகிறேன். எண்ணிக்கை அதிகம், ஒரு நாள் வேலை.

லிங்க் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அந்த ஓட்டையைப் பார்த்ததும் மேஜையைத் தட்டினார். "உங்கக்கா வக்கீலா பொறந்திருக்கணும்மா" என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். நீ சின்ன வயசில் என் பொய்யை எல்லாம் இப்படித்தானே கண்டுபிடிப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் டேட்டன் போனேன். சர்ச்சுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வண்டி மறைவில் நின்றேன். நெட்டி வெளியே வந்தாள். கறுப்புக் காலுறை, கறுப்பு ரிப்பன், ஏதோ அவளுடைய அம்மாவே செத்துப்போனமாதிரி. பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக நடந்தாள். கூப்பிடக்கூடாது என்று லிங்க் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கூப்பிடவில்லை. கையுறையைக் கடித்துக் கடித்துக் கிழித்துவிட்டேன்.

இன்னும் பதினைந்து நாள்தான். லிங்க் சொல்கிறார், கோர்ட்டில் முதலில் நான் பைபிள்மேல் கை வைத்து ஒன்று சொல்லவேண்டும்: எந்தப் படத்தையும் எந்தக் கம்பெனிக்கும் நான் கொடுக்கவில்லை, யார் கொடுக்கவும் சம்மதிக்கவில்லை, எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பிறகு உன் மூன்று அட்டைகள். "இதுல எதுலயாவது உங்களுக்குச் சந்தேகம் உண்டா?" என்று இரண்டு தடவை கேட்டார். எனக்கு என்ன சந்தேகம்? என் உண்மையை நானே சொல்வதற்கு வசனப் பயிற்சிகூடத் தேவையில்லை.

ஏதோ சொல்லவேண்டும் என்று எழுதியிருந்தாயே, என்ன? கல்யாணமா? டாலிவர் என்று மட்டும் சொல்லிவிடாதே.

ரோடா


ரிச்மண்ட்
2 அக்டோபர் 1888

ரோடா,

நீ சத்தியம் செய்வதற்கு முன்னால் இது உன் கைக்கு வரவேண்டும்.

படத்தைக் கொடுத்தது நான்தான்.

போன மார்ச் மாதம் கம்பெனிக்குப் புது முகங்கள் வேண்டும் என்று டாலிவர் மேஜைக்கு வந்து சொன்னார். நான் எப்போதும் உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். அன்றைக்கு மோட், "உன் தங்கச்சி நெஜமாவே நடிக்கிறாளா, இல்ல கொட்டகையைப் பெருக்கறாளா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் உன் படத்தைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். சிரிப்பு நின்றது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

டாலிவர் ஒரு தாளைக் கொண்டுவந்தார். நடிகையின் சம்மதம் என்று மேலே அச்சடித்திருந்தது. "அவ சின்சினாட்டில இருக்கா" என்றேன். "யார் போட்டா என்ன? பேரு சரியா இருந்தா போதும். எல்லாப் படத்துக்கும் இப்படித்தான் வருது" என்றார். நான் உன் பெயரைப் போட்டேன். வேன் என்று போட்டால் நீ யாரோ ஒரு ஊர்சுற்றி என்று நினைப்பார்கள். முறையாகக் கல்யாணம் செய்து, கௌரவமான குடும்பத்தின் பெயரைச் சுமப்பவள் என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்றுதான் ஸ்டாட்லர் என்று எழுதினேன். கழுத்துவரை பொத்தான் போட்ட படம் அது, ரோடா. அதை இப்படிச் செய்வார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் மாமனார் வைத்த நிபந்தனையை அந்த நிமிஷத்தில் மறந்தேன். இல்லை. மறக்கவில்லை. ரிச்மண்டில் நடப்பது டேட்டனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

அந்தத் தாள் கம்பெனியில் இருக்கிறது. நீ சத்தியம் செய்யாதே. இல்லையென்றால் அக்காதான் போட்டாள் என்று சொல்லிவிடு. என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும்.

6 அக்டோபர். இதை நான்கு நாளாக பைபிளுக்குள் வைத்திருந்தேன். அடுத்தவள் பெயரில் கையெழுத்துப் போட்டால் ஜெயில் என்று மோட் சொன்னாள். நேற்றுத் தந்தி ஆபீஸ் வாசல்வரை போனேன். உள்ளே உட்கார்ந்திருப்பவள் எங்கள் சர்ச்சில் பாடுகிறவள், ஒவ்வொரு வார்த்தையையும் எண்ணி வாசிப்பாள். திரும்பிவிட்டேன். இன்று தபாலில் போடுகிறேன். செவ்வாய்க்கிழமைக்குள் வந்துவிடும். வந்துவிடும்தானே?

கெசையா


சின்சினாட்டி
15 அக்டோபர் 1888

அக்கா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமைக்குள் வந்துவிட்டது. என் அறைக் கதவின் கீழே கிடந்தது. நான் ஞாயிற்றுக்கிழமையே டேட்டனுக்குப் போய்விட்டேன்.

நடந்ததை ஒரு தடவைதான் எழுதுவேன்.

முதலில் பைபிள்மேல் கை வைத்துச் சொன்னேன். என் குரல் நன்றாக இருந்தது. பிறகு லிங்க் உன் மூன்று அட்டைகளை நீதிபதியின் முன்னால் வரிசையாக வைத்தார். அவர் குனிந்து பார்த்தார், பொத்தானை எண்ணினார், அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மாமனார் முகம் செத்துப்போனது. நெட்டியின் கோட்டை நான் கையோடு கொண்டுபோயிருந்தேன், அன்றைக்கே போட்டு அழைத்து வருவதற்காக. அது என் மடியில் இருந்தது. ஜெயித்துவிட்டோம் அக்கா. கால் மணி நேரம் நாம் ஜெயித்திருந்தோம்.

அப்புறம் அவர்களுடைய வக்கீல் எழுந்து, கம்பெனிக்கு எழுதி வாங்கிய தாள் என்று ஒன்றை நீட்டினார். "இது உங்க கையெழுத்தாம்மா?"

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பெயருக்கு அடியில் அந்த நீளக் கோடு. எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்த கை. லிங்க் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார், அவருடைய கிசுகிசுப்பு கோர்ட் முழுக்கக் கேட்கும், "இல்லேன்னு சொல்லுங்கம்மா, இல்லேன்னு சொல்லுங்க." இல்லை என்றால் அடுத்த கேள்வி, பின்னே யாருடையது என்பது. நீதிபதி மூன்று தடவை கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. உன்னைக் காப்பாற்றுவதற்காக என்று நினைத்துச் சந்தோஷப்படாதே. உன்னை நினைக்கவே இல்லை. இது தெரிந்துகொண்டே எனக்கு இரண்டு கடிதம் எழுதினாளே என்று மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. அது ஓடி முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நீதிபதி சொன்னது இது: "காலு யாரோடதா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும். பொய்ச் சத்தியம் பண்ணின வாய் இந்தம்மாவோடதுதானே."

திரும்பி வந்து உன் கடிதத்தைப் படித்துவிட்டு லிங்கிடம் கொண்டுபோனேன். இதை இப்போது காட்டினால், தோற்ற பிறகு அக்காவும் தங்கையும் சேர்ந்து எழுதிய தாள் என்றுதான் சொல்வார்களாம். உன்னை உள்ளே வைப்பார்கள், பிள்ளை திரும்பாது. கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

டேட்டனை விட்டுக் கிளம்பும் முன் மாமனார் வீட்டில் நெட்டியோடு பத்து நிமிஷம் கொடுத்தார்கள். வரவேற்பறையில் மாமியார் பின்னல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நாடகத்துக்குப் போறியா?"

"ஆமாண்டா."

"எத்தனை நாளு?"

மேடையில் எத்தனையோ பிள்ளைகளை விட்டுப் பிரிந்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பொய் வைத்திருப்பேன். இவளுக்கு ஒன்றும் வரவில்லை. கோட்டை அவளுக்குப் போட்டுப் பார்த்தேன். கோட்டுக் கை சிறிசாகிவிட்டது. "பாட்டி புதுசு வாங்கித் தருவாங்க" என்றாள். என்னைச் சமாதானப்படுத்துகிறாள் அக்கா, ஆறு வயசில்.

தீர்ப்பில் எழுதியிருக்கிறது, பதினெட்டு வயசுவரை அவளை நான் பார்க்கக்கூடாது, கடிதம் எழுதக்கூடாது, யார் மூலமும் சேதி அனுப்பக்கூடாது. அந்தத் தாளை நான் மனப்பாடம் ஆகும்வரை படித்துவிட்டேன். அதில் தடுத்திருப்பது என் பெயரை மட்டும்தான். உன் பெயர் இல்லை. பெரியம்மா எழுதக்கூடாது என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதனால் நீ எழுது. மாதம் ஒரு கடிதம், தவறாமல். என்னைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், அது சேதி ஆகிவிடும், அதையும் நிறுத்திவிடுவார்கள். உன் இருமலைப் பற்றி எழுது, மோட் பற்றி எழுது. அவர்கள் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், படிக்கட்டும். அம்மாவின் பக்கத்தில் தனக்கு ஓர் ஆள் உண்டு என்று அவளுக்குத் தெரிந்தால் போதும். பன்னிரண்டு வருஷம் எழுதவேண்டும். கை வலித்தாலும், பதிலே வராவிட்டாலும், என்மேல் கோபம் வந்தாலும். கீழே உன் பெயரைப் போடு. உன் பெயரை மட்டும்.

எனக்கு எழுதாதே.

ரோடா